ஹீமோகுளோபின் சரி, இரும்பு?

அப்பா குடியாத்தத்தில் முப்பது வருஷம் லுங்கி நெய்தவர். இதயச் செயலிழப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டீக்கடைக்குப் போவதற்குள் இரண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஹீமோகுளோபின் 13.2 இருந்ததால், "சோகை இல்லை, வயசுதான்" என்று ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்தவர் ஃபெரிட்டின் எடுக்கச் சொன்னார், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. 46!

அதனால் ஹீமோகுளோபினோடு நிற்காமல் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் கேட்டு எடுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே போனாலே இரும்புக் குறைவுதான். 100 முதல் 299 வரை என்றால், சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லேப் தாளில் 46-க்கு எதிரே நார்மல் என்றுதான் இருந்தது. அந்த அளவு ஆரோக்கியமானவர்களுக்கானது. எங்காவது ரத்தம் கசிகிறதா, மூலமா, அல்சரா என்பதையும் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை போதாதா? அப்பா நாலு மாதம் போட்டார். மலம் கறுத்தது, மலச்சிக்கல் வந்தது, நடை மாறவில்லை. இதயச் செயலிழப்பில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடினால் குடல் இரும்பை உள்ளே விடாது. 2017-இல் வெளியான அயர்ன்அவுட் ஆய்விலும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு 16 வாரம் இரும்பு மாத்திரை கொடுத்தும் நடைத்திறன் கூடவில்லை. முருங்கைக்கீரையை அம்மா இன்னும் விடவில்லை; அது ருசிக்கு.

அப்புறம் ரத்தக்குழாய் வழியாக இரும்பு டிரிப். முதல் பஸ்ஸில் வேலூர் போனோம், வெயிலுக்கு முன்னால். வெறும் வயிறு வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுத்தான் போனார். ஏற்றிய இரும்பு மருந்தின் பெயர் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், எடையும் ஹீமோகுளோபினும் பார்த்து அளவு முடிவாகும், ஒரு தடவைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போடமாட்டார்கள். சலைனில் கலந்து கால் மணி நேரம் ஏறும். பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை வந்தால் அப்போதுதான் தெரியும். அலர்ஜி, ஆஸ்துமா, காய்ச்சல் எதுவானாலும் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடம் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து வெளியே கசிந்தால் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அப்பா சங்கோஜப்பட்டுச் சும்மா இருந்தார், கறை இன்னும் இருக்கிறது.

மறுநாளே ஓடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், சில வாரம் ஆகும். ஃபெரிட்டினையும் உடனே எடுக்காதீர்கள், பொய்யாக ஏறியிருக்கும். எங்களுக்கு மூன்று மாதம் கழித்துச் சொன்னார்கள். எலும்பு வலி, அசதி வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதய மாத்திரைகள் எதையும் நிறுத்தக் கூடாது.

இப்போது ஒரு திண்ணைதான். அதுவும் பேச ஆள் இருந்தால்.