பழைய பேஸ்பால் அட்டை சேர்க்கிறீர்களா? பின்னாலிருந்து ஆரம்பியுங்கள்

அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி 1952-ல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் அட்டைத் தொகுப்பை முழுசாகச் சேர்க்க இறங்குகிறவர்கள் பலரும் மலிவான அட்டைகளை வாங்கிக் குவித்துவிட்டு, பெரிய செலவு வரும்போது பாதியில் நின்றுவிடுகிறார்கள். மொத்தம் 407 அட்டை. அதில் 311-லிருந்து 407 வரை உள்ளவை சீசன் முடியப்போகிற நேரத்தில் கடைக்கு வந்ததால் சரியாக விற்கவில்லை, மிஞ்சிய பெட்டிகளை 1960-ல் டாப்ஸின் சை பெர்கர் அட்லாண்டிக் கடலில் கொட்டவைத்தார் (இன்றைய விலையை நினைத்தால் வயிறு எரிகிறது!). அதனால் பணத்தை முதலில் இந்தக் கடைசி 97-க்கு ஒதுக்குங்கள், முனை மழுங்கியிருந்தாலும் மடிப்பு விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

311-ஆம் எண், நட்சத்திர வீரர் மிக்கி மேண்டிலின் அட்டை மட்டும் விதிவிலக்கு. அது இரட்டிப்பாக அச்சானது, கிடைக்காத அட்டை அல்ல அது, விலை முழுக்கப் பெயருக்குத்தான். கையில் காசு சேரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

முதல் எண் ஆண்டி பாஃப்கோ வேறு ரகம். பிள்ளைகள் கட்டாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டதில் மேலே இருந்த அவர்தான் நசுங்கினார், சுத்தமான பிரதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், 1983-ல் வந்த மறுபதிப்பு 2½க்கு 3½ அங்குலம், அசல் 2⅝க்கு 3¾. பணம் அனுப்புமுன் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ கேளுங்கள்.