எல்லை வரைந்து கணக்குப் பாருங்கள்

பொருண்மை அழியாது என்ற விதியைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் பழுது பார்க்கும்போது அதைத் திருப்புளியைப் போலக் கையில் எடுப்பவர்கள் குறைவு. எடுத்துப் பயன்படுத்தும் முறையை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியைக் கொண்டே விளக்குகிறேன்.

இரவு 10 மணிக்கு நிரப்பிய தொட்டியில், யாரும் குழாயைத் திறக்காமலேயே காலை 6 மணிக்குள் நீர்மட்டம் 4 செ.மீ. இறங்கியிருந்தது. குளியலறைக் குழாய் சொட்டுவதுதான் காரணம், வாஷரை மாற்றிவிடலாம் என்றார் பிளம்பர். மாற்றுவதற்கு முன் கணக்குப் பார்த்தோம்.

முதல் வேலை, எதைச் சுற்றி எல்லை வரைகிறோம் என்று முடிவு செய்வது. தொட்டியைச் சுற்றி ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று காகிதத்தில் எழுத வேண்டும். மோட்டார் ஓடவில்லை, எனவே வரவு இல்லை; மூடி இருப்பதால் ஆவியாவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை; ஆகவே குறைந்த நீர் முழுவதும் குழாய்கள் வழியாகவோ விரிசல் வழியாகவோதான் போயிருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. தொட்டியின் உள்விட்டம் 1 மீட்டர் என்பதால் 1 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 7.9 லிட்டர், 4 செ.மீ.க்கு 31 லிட்டர். சுமார் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் 8 மணி நேரத்தில் போவது 1.4 லிட்டர் மட்டுமே. மட்டத்தைப் பார்த்த இரண்டு முறையும் அரை செ.மீ. தவறியிருந்தாலும் 8 லிட்டர்தான் மாறும். எனவே அளவுகோலைக் குறை சொல்லவும் வழியில்லை. எவ்வளவு துல்லியமாக அளந்தால் போதும் என்பதையும் கணக்கே சொல்லிவிடுகிறது என்பது, இந்த முறையில் நான் மிகவும் மதிக்கும் பண்பு.

பிறகு எல்லையைச் சுருக்க வேண்டும். மறுநாள் இரவு தொட்டியின் வெளியேறும் குழாயில் உள்ள கேட் வால்வை மூடினோம், மட்டம் இறங்கவில்லை. ஆகவே தொட்டியிலும் ஏற்றுக் குழாயிலும் குறையில்லை, கசிவு வீட்டுக்குள்தான் என்று தெரிந்தது. கழிவறை ஃப்ளஷ் டேங்க் ஒவ்வொன்றிலும் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்தோம். ஒன்றின் கீழே பீங்கானில் மெல்லிய நீலக் கோடு இறங்கியிருந்தது. 8 மணி நேரத்தில் 31 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 65 மில்லிலிட்டர்; அந்த அளவில் சத்தமின்றி வழியும் நீர் கண்ணுக்குத் தெரியாது.

இதே கருவி கடற்கரைக்கும் பொருந்தும். இக்கரையோரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், நகரத்தின் கடற்கரையைச் சுற்றி எல்லை வரைந்தால், தெற்கிலிருந்து வர வேண்டிய வரவு தடைப்பட, வடக்கே போகும் செலவு மட்டும் தொடர்ந்ததைக் காணலாம். அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய பாறைகள் சாலையைக் காத்தனவே தவிர, கணக்கின் வரவுப் பக்கத்தில் ஒரு பிடி மணலையும் சேர்க்கவில்லை. பின்னர் முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து கொட்டியதும், நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததும்தான் அந்த இரு பக்கங்களையும் தொட்ட பணிகள்.

இங்கே காலத்தையும் எல்லையின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் நகரும் திசை தெற்காக மாறுவதால், அந்தச் சில மாதங்களை மட்டும் அளந்தவர் நேர்மாறான முடிவுக்கு வருவார். தொட்டிக்கு ஓர் இரவு போதும்; கரைக்கு முழு ஆண்டாவது வேண்டும்.

கணக்கு நேராகாவிட்டால், மிச்சத்தை ஆவியாதல் என்ற தலைப்பில் எழுதி மூடிவிடாதீர்கள். மூடியில்லாத தொட்டியிலேயே கோடையில் நாளொன்றுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டாலும், அது 5 லிட்டரைத் தொடாது.