கத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள்: நீச்சல் குளக் காவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களிலும் இப்போது பிறந்தநாள், குடும்ப ஒன்றுகூடல் என்றால் நீச்சல் குளம் உள்ள ஹோம்ஸ்டேயாக (நாள் வாடகைக்கு விடும் வீடு) தேடி எடுக்கிறார்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வளர்ந்த நம் பெரியவர்களுக்கு ஆற்றைக் கண்டால் ஒரு பயம் உண்டு. மழை பெய்தால் பிள்ளைகளைக் கரைப் பக்கமே விடமாட்டார்கள். குளத்தைப் பார்த்தால் அந்தப் பயம் வருவதில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நீரோட்டம் இல்லை, ஓரத்தில் ஆழம் எழுதியிருக்கிறது. உயிர்காப்பாளர் பயிற்சிக்கு வரும் இளைஞர்களும் இதே நினைப்போடுதான் வருகிறார்கள்.

அவர்களிடம் இருக்கும் இன்னொரு நினைப்பு இதைவிட ஆபத்தானது. மூழ்குகிறவர் கையை ஆட்டுவார், "காப்பாத்துங்க" என்று கத்துவார், தண்ணீர் தெறிக்கும், அப்போது ஓடினால் போதும் என்று நம்புகிறார்கள். 1970களில் நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது இதற்கு நேர்மாறானது. மூச்சுக்கே வழியில்லாதவரால் பேச முடியாது. வாய் நீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணம் மூச்சை விட்டு, அவசரமாக உள்ளிழுப்பதற்கே சரியாக இருக்கும், வாய் மறுபடியும் நீருக்குள் போய்விடும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்தும். அது உடம்பு தானாகச் செய்வது. அந்த நேரத்தில் கையை உயர்த்தி ஆட்டவோ, பக்கத்தில் வீசிய மிதவையை எட்டிப் பிடிக்கவோ அவரால் முடியாது. உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இந்த நிலையில் நீர்மட்டத்தில் தாக்குப்பிடிப்பது 20 முதல் 60 விநாடிகள்தான். சிறு பிள்ளைகள் அந்த 20ஐ ஒட்டியே போய்விடுவார்கள்.

ஆகவே தேட வேண்டியது சத்தத்தை அல்ல. தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் இருக்கிறதா? முடி கண்ணில் விழுந்தும் ஒதுக்காமல் இருக்கிறாரா? கண்ணில் தெளிவில்லையா? கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவதுபோல் கைகள் அசைந்தும் ஆள் நகரவில்லையா? சந்தேகமாக இருந்தால் "சரியா இருக்கியாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், பயிற்சி பெற்றவர் உடனே இறங்க வேண்டும். கத்துகிறவரையும் விட்டுவிடக் கூடாது. அவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, மிதவையைப் பிடிப்பார், ஆனால் அந்தத் தெம்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். வலிப்போ மாரடைப்போ வந்தவர் எந்தப் போராட்டமும் இல்லாமல் முகம் குப்புற மிதப்பார். "விளையாடுகிறான்" என்று நாம் கணக்குப் போடும் நேரம் அவருக்கு இல்லை.

கண்காணிப்பு தோற்பதற்கு பியா சொன்ன காரணங்கள் மூன்று: மூழ்குவதன் அடையாளம் தெரியாமல் போவது, வேறு வேலை குறுக்கிடுவது, கவனம் சிதறுவது. பின்னிரண்டும் நம் ஊரில் தாராளமாக நடக்கின்றன. காவலுக்கு நிற்கும் தம்பியிடமே டிக்கெட் கிழிக்கச் சொல்வார்கள், நாற்காலி அடுக்கச் சொல்வார்கள். முதலாளி சொன்னாலும், நீரைப் பார்க்கும் நேரத்தில் வேறு வேலை செய்யக் கூடாது. ஹோம்ஸ்டேயிலோ, கோழி சுட்டுக்கொண்டே பத்துப் பெரியவர்கள் இருப்பார்கள். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பைக் கொடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள், காவலில் இருப்பவர் கையில் கைப்பேசி வேண்டாம்.

நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. உயிர்காப்பாளர் பயிற்சிகளில் பரவலாகச் சொல்லித்தரும் அளவு 10/20: 10 விநாடிக்குள் ஆபத்தைக் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் ஆளை அடைய வேண்டும். அதற்குக் குளத்தின் அடித்தளம் வரை கண் போக வேண்டும். பிற்பகல் வெயில் நீரில் பட்டுக் கூசினால் இடம் மாறி நில்லுங்கள். பேராக்கின் சாயங்கால மழையில் அடித்தளம் தெரியாமல் போனால் எல்லாரையும் மேலே ஏற்றுங்கள். இடி கேட்டாலும் அப்படியே. கடைசி இடி முழங்கி 30 நிமிடம் ஆகும்வரை யாரும் இறங்கக் கூடாது.

நன்றாக நீந்தத் தெரிந்த பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு, யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி போடுவார்கள். அப்படி மூச்சிழுப்பதால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது, கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு விடத் தூண்டுவது அந்தக் கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்திருப்பதால் தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். இந்த விளையாட்டைக் கண்டதும் நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பயிற்சி இல்லாதவர் பதறிக் குதித்தால் மூழ்குகிறவர் அவரையும் சேர்த்து அழுத்திவிடுவார். குளம் சுத்தம் செய்யும் நீளக் கம்பு பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கரையில் படுத்தபடி அதை அவர் கைக்கே எட்டும்படி நீட்டுங்கள்.

வெளியே தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகப் பிடிப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் அவசர எண் 999ஐ அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாமல்தான், அதனால் மூச்சு முந்த வேண்டும். பிறகு நெஞ்சை 30 முறை அழுத்தி 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் மூச்சைத் தொடருங்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள்.

எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நினைவு தப்பியவர், மூச்சு கொடுக்கப்பட்டவர், இருமல் நிற்காதவர், மூச்சு வாங்குகிறவர் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் அடுத்த சில மணி நேரத்தில் நிலைமையை மோசமாக்கலாம். கூடப் போகிறவர், எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தார், எப்போது மூச்சு திரும்பியது என்பதை மருத்துவரிடம் சொல்லட்டும்.