‘நம்மை இப்படித்தான் நினைக்கிறார்கள்’: அந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்று அளப்பது எப்படி?

ஏளனத்துக்கோ ஒதுக்கலுக்கோ ஆளாகும் எந்தக் குழுவை எடுத்தாலும், மற்றவர்கள் தங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கணிப்பு இருக்கும். அது சரியா என்று பார்க்க இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். திக்கிப் பேசுகிறவர்களை வைத்தே பார்ப்போம்.

முதலில் பண்புகளைச் சேகரியுங்கள். நீங்களே உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள். திக்கிப் பேசுகிற ஐந்தாறு பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே 10 பண்புகளை எடுங்கள். பாதி நல்லவை, பாதி கெட்டவை. கெட்டதை மட்டும் கேட்டால், கேள்வித்தாளே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். திக்கிப் பேசுகிறவரிடம்: “திக்காதவர்கள் பொதுவாக உங்களைப் போன்றவர்களைப் பதற்றக்காரர்கள் என்று எவ்வளவு நினைக்கிறார்கள்?” திக்காதவரிடம்: “திக்கிப் பேசுகிறவர்கள் பதற்றக்காரர்கள் என்று நீங்கள் எவ்வளவு நினைக்கிறீர்கள்?” பண்புச் சொல்லும் அளவுகோலும் இரு தாளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இரு பக்கச் சராசரிகளுக்கு இடையே அரைத் திட்ட விலக்கம் (திட்ட விலக்கம் என்பது பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) வேறுபாடு இருந்தால், அதை 80% வாய்ப்போடு பிடிக்கப் பக்கத்துக்கு 64 பேர் வேண்டும்.

கணக்குப் போடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ‘சரி’ என்பதில் இரண்டு வகை உண்டு. கற்பனையாக நான்கு எண்கள்: பதற்றம், கூச்சம், அறிவுக் குறைவு, நம்பகமின்மை ஆகியவற்றுக்குக் குழுவின் கணிப்பு 6, 5.5, 5, 4. மற்றவர்கள் தந்தது 5, 4, 2, 1. சராசரி 5.1க்கு எதிராக 3. அதாவது, இரண்டு புள்ளிக்கு மேல் மிகைக் கணிப்பு. ஆனால் எது அதிகம், எது குறைவு என்ற வரிசை அச்சு அசலாகப் பொருந்துகிறது. இரு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் தர ஒட்டுறவுக் கெழு 1; முழுப் பொருத்தம் என்று அர்த்தம். அளவில் தவறியவர்கள் வடிவத்தைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, தனித்தனியாகவே எழுதுங்கள்.

அந்த இரண்டு புள்ளியும் முழுக்க மிகைதானா? அவசரப்பட வேண்டாம். மற்றவர்களின் பதிலும் பழுதாகலாம். எதிரே ஆள் நின்று கேட்டால் யாரும் கெட்ட பெயர் வாங்க விரும்பமாட்டார்கள். பெயரில்லாத் தாளில் கேளுங்கள். கூடவே நடத்தையைப் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள்: “தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் வேலைக்குத் திக்கிப் பேசுகிற ஒருவரை எடுப்பீர்களா?” பண்புக் கேள்வியில் 2 போட்டவர் இங்கே ‘இல்லை’ என்றால், குழுவின் கணிப்பு நீங்கள் நினைத்ததைவிட உண்மைக்கு நெருக்கமானது.

சராசரியும் ஏமாற்றும். பத்தில் ஒருவர் மட்டுமே கேலி செய்கிறார் என்று வையுங்கள். நாளுக்கு 20 பேரைச் சந்திக்கிறவருக்குத் தினமும் இரண்டு கேலி. அவர் மனத்தில் நிற்பது அந்த இருவர்தான். ஆகவே “10 பேரில் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள்?” என்றும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

‘பொதுவாக நம்மை’ என்பதையும் ‘இந்த ஆள் என்னை’ என்பதையும் கலக்கக் கூடாது. மற்றவர்கள் தன்னைப் பொதுவாக எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மனிதர்கள் ஓரளவு நன்றாகவே அறிகிறார்கள். குறிப்பிட்ட ஒருவர் தனித்து என்ன நினைக்கிறார் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். 1993-இல் உளவியலாளர்கள் கென்னியும் டிபவுலோவும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டது இதைத்தான்.

‘எல்லாம் உன் பிரமை’ என்பதற்குப் பலரும் துணைக்கு அழைப்பது 1980-இல் உளவியலாளர்கள் கிளெக்கும் ஸ்ட்ரென்டாவும் நடத்திய சோதனை. பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, ஒப்பனை காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரப்பசை தடவுவதாகச் சொல்லித் தழும்பைத் துடைத்துவிட்டார்கள். அது தெரியாமல் இன்னொருவரோடு பேசிய பங்கேற்பாளர்கள், இல்லாத தழும்புக்காக எதிரே இருந்தவர் தங்களை வித்தியாசமாக நடத்தினார் என்று சொன்னார்கள். எதிர்பார்ப்பு பார்வையை மாற்றும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அவர்கள் அன்றுதான் தழும்பு ‘பெற்றவர்கள்’. ஆண்டுக்கணக்கில் தழும்போடு வாழ்கிறவரின் கணிப்பு தவறு என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

முடிவைப் பங்கேற்றவர்களிடம் சொல்லும்போது, பொருந்திய வரிசையை முதலில் காட்டுங்கள். பண்பு பண்பாக இடைவெளி அடுத்து. வேலைக் கேள்விக்கு வந்த ‘இல்லை’களின் எண்ணிக்கையையும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் வையுங்கள்.