புரட்டாசி, சஷ்டி, சுகர் மாத்திரை: விரத வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கந்த சஷ்டியின் ஆறாம் நாள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "தலை லேசா சுத்துதுப்பா" என்றார். கையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. குளுக்கோமீட்டரில் 52. ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டார். "சம்ஹாரம் முடியட்டும், விரதம் கெட்டுடும்." கடைசியில் அப்பா அதட்டினார்: "முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான், குடி." அதற்கப்புறம்தான் டம்ளரை வாங்கினார்.

ஆறு நாளும் இரவில் மட்டும் பாலும் பழமும். ஆனால் காலை மாத்திரை மட்டும் வழக்கம்போல. "மருந்தைத் தவறவே விடல" என்று அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தப்பு அங்கேதான் நடந்தது. அம்மா போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நாம் சாப்பிட்டோமா, பட்டினியா என்று அதற்குத் தெரியாது. ஊசியாகப் போடும் இன்சுலினும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இப்படித் தடாலென்று இறங்குவது அரிது.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. அவற்றைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். அப்போது மீட்டர் சாதாரண அளவைக்கூடக் காட்டலாம். ஆளுக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு இருக்கும். வீட்டிலோ "விரதக் களைப்பு" என்று படுக்க வைத்துவிடுவார்கள். இந்த அறிகுறிகளுக்கு உடனே ஆஸ்பத்திரிதான்.

விரதம் இருக்கவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நானும் சஷ்டி இருப்பவன்தான். ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதை இரவுச் சாப்பாட்டோடு மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாமாகவே கூட்டிக் குறைப்பது கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை) உள்ளவர்கள், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது. அளவு 70க்குக் கீழே போனால் விரதம் அங்கே முடிந்தது: மூன்று டீஸ்பூன் சர்க்கரை, ஏறத்தாழ 15 கிராம், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயப்படவும் வேண்டாம். ரமலான் நோன்பில் நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்குத் தருகிறது. கத்தோலிக்கர்களுக்குச் சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி கடமை என்றாலும் அது 18 முதல் 59 வயது வரைதான், நோயாளிகளுக்கு அதுவும் இல்லை. நம் வீட்டுப் பாட்டிகளும் குழந்தைக்கும் முடியாதவருக்கும் ஏகாதசி கிடையாது என்றுதான் சொல்லி வந்தார்கள்.

"பால், பழம்தானே" என்பது அடுத்த தவறு. சிறுநீரகம் பழுதானவருக்கு வாழைப்பழம், பேரீச்சை, இளநீர் எல்லாமே பொட்டாசியம். வெளியேற்ற வழியில்லாமல் அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். விரதச் சமையலின் இந்துப்பும் பெரும்பகுதி சோடியம்தான், ரத்தக்கொதிப்புக்காரருக்கு அதில் சலுகை இல்லை. நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சத்து மாத்திரை விஷயத்துக்கு வருவோம். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பி12 கிடைப்பது பால், தயிர், மோர் வழியாகத்தான். கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. வருடக்கணக்காக மெட்ஃபார்மின் எடுத்தால் இருக்கிற பி12ம் குறையும். உள்ளங்கால் எரிச்சல், மரமரப்பு, மறதி என்று ஆரம்பிக்கும்; எல்லாரும் "சுகர்னால வர்றதுதான்" என்று விட்டுவிடுவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். ஸ்பைருலினா சாப்பிடுகிறோமே என்று திருப்திப்படவும் முடியாது. அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலிப் பி12.

கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் மாட்டின் அல்லது பன்றியின் ஜெலட்டினில் செய்வது. வைட்டமின் டி3 பல சமயம் ஆட்டு ரோமத்தின் எண்ணெயிலிருந்து வருவது. இது தெரிந்ததும் புரட்டாசியில் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சங்கடம் நியாயமானது, மறைக்கத் தேவையில்லை. மருத்துவரிடம் சொன்னால் முடிந்தவரை கூடில்லாத மாத்திரையாக எழுதித் தருவார். டி3யில் பாசியினத்திலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

இயற்கை மருந்தென்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். தொண்டைக்கு இதமான அதிமதுரத்தைத் தினமும் கஷாயமாகக் குடித்தால் ரத்தக்கொதிப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரசத்தில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மஞ்சள் மாத்திரை வேறு. பின்னதால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பஸ்பம், செந்தூரத்தைப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டுமே வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது, "மாத்திரையைச் சாமிகிட்ட வச்சுட்டேன்" என்ற நேர்த்திக்கடன். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரலாம். நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதோடு "போன ஜென்ம வினை" என்று நோயாளியின் காதுபட யாராவது பேசிவிட்டால், அவர் மருந்து கேட்கவே கூசிப்போகிறார். 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பேற்றிய வள்ளலார், பசியைப் பிணி என்றார். யாருடைய வினை என்று விசாரிக்காமல் இலை போட்டார்.

இனி, வீட்டில் வளரும் வாயில்லா ஜீவன்கள். புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது என்றால் எங்கள் பூனைக்கும் தயிர்சாதம்தான் என்று ஒரு வருடம் முடிவெடுத்தோம். அது தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, முன்னங்காலால் தரையைச் சுரண்டி மூடுவதுபோல் செய்துவிட்டுப் போனது. இரண்டாம் நாளும் அப்படியே. "பாருங்க, அதுவும் விரதம் இருக்கு" என்று பக்கத்து வீட்டு அக்கா நெகிழ்ந்தார். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவர் அதன் காது உட்புறத்தை விரலால் விரித்துக் காட்டினார். மஞ்சள் பாய்ந்திருந்தது. பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்துத்தான் பிழைக்க வைத்தோம்.

பூனை இறைச்சி தின்றே வாழப் பிறந்த உயிர். டாரின் என்ற சத்தைத் தேவையான அளவுக்கு அதன் உடம்பால் தயாரிக்க முடியாது, அது மாமிசத்தில்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் கெடும், இதயம் தளர்ந்து வீங்கும். இதயத்துக்கான தொடர்பை 1987இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுக்கவும் பூனைக்கு முடியாது. புலால் நுழையவே கூடாத வீடு என்றால் பூனைக்குப் பதிலாக முயல் வளர்க்கலாம். நாய் நம்மோடு பழகிச் சோற்றைச் செரிக்கக் கற்றுக்கொண்டது. சைவ உணவில் அதை வளர்க்க முடியும். ஆனால் வெறும் தயிர்சாதம் அதற்குப் போதாது, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் புரதமும் சத்துகளும் சேர்க்க வேண்டும்.

பிரசாதம்தானே என்று நாய்க்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்காதீர்கள். அதிலிருக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டுக்கும் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுங்கள், வாளி நிறையச் சோறு வேண்டாம். வயிற்றில் அமிலம் ஏறி மாடே சாய்ந்துவிடும். காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். சர்க்கரை நோய் வந்த நாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் இன்சுலினும் வேண்டும். நம் வீட்டு ஏகாதசி அதற்குக் கிடையாது.

அம்மா இப்போதும் சஷ்டி இருக்கிறார். மருத்துவர் மாற்றிக்கொடுத்த மாத்திரைச் சீட்டு பூஜை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, குளுக்கோமீட்டர் விபூதி மரவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. புரட்டாசி பிறக்கும் முன் பூனைத் தீனி மூட்டை ஒன்று வாங்கிப் பால்கனி டிரம்மில் போட்டுவிடுகிறோம். குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, தளிகைக்கு உலை வைப்பதற்கு முன் அம்மாதான் அதிலிருந்து ஒரு கை அள்ளிப் பூனைக்கு வைக்கிறார்.