பூசையறை கைவிட்டுப் போன நாளில் வழிபாட்டைத் தொடர்வது எப்படி

வேலை போவது, ஊர் மாறுவது, வீட்டில் ஒருவர் திடீரெனப் படுக்கையில் விழுவது என எது வந்தாலும், முதலில் குலைவது நம் வழிபாட்டு நேரம்தான். முழுமையாகச் செய்ய முடியவில்லையே என்ற வருத்தத்தில் பலர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். என் தந்தையார் பக்கவாதத்தில் விழுந்து, ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் சென்னை மருத்துவமனைக்கு வந்தபோது, அவர் பல்லாண்டுகளாக விடியலில் செய்துவந்த சிவபூசை ஒரே நாளில் நின்றது. அன்று தொடங்கிக் கற்றுக்கொண்டவற்றை, அதே நிலையில் இருக்கும் சைவ அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

அறையும் விளக்கும் பூவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றை முதல் நாளே தேர்ந்துகொள்ளுங்கள். திருநீறு அணிந்து ஐந்தெழுத்தை ஓதுவது, மனப்பாடமான ஒரே ஒரு தேவாரப் பாடலைச் சொல்வது, இவற்றில் எதுவானாலும், மிக மோசமான நாளிலும் நின்றபடியே செய்ய முடியுமா என்பதுதான் அளவுகோல். அதைக் கடிகாரத்தோடு பிணைக்காமல், நாள்தோறும் தவறாது நடக்கும் ஒரு செயலோடு பிணையுங்கள். ஆக்சிஜன் ஓடும் வார்டில் கற்பூரம் ஏற்ற வழியில்லை. செவிலியர் காலை மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்ததும், தலையணைக்கடியில் இருந்த பித்தளைச் சம்புடத்தைத் திறந்து அப்பாவின் நெற்றியில் நீறு இடுவேன்.

சற்று நேரம் கிடைக்குமானால் மனப்பூசை செய்யலாம். இதைக் கைக்கு எட்டாதவர்களுக்கான குறைந்த வழி என்று எண்ணவேண்டாம். திருநின்றவூர்ப் பூசலார் நாயனார், கோயில் கட்டப் பொருள் தேடியும் கிடைக்காமல், மனத்திலேயே கல்லும் மரமும் தச்சரும் திரட்டி, நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, மதிலும் குளமும் கிணறும் வரை ஒவ்வொன்றாக அமைத்தார். காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்துக்கு நாளை போகவேண்டும், உன் குடமுழுக்கைத் தள்ளிவை என்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. பூசலார் எதையும் அவசரமாக முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்து, ஊர்க் கிணற்றில் நீர் சேந்தி, சுவரோரத்து நந்தியாவட்டையைப் பறித்து, செம்பைத் துலக்கி, ஒன்றையும் விடாமல் வரிசையாக நினைப்பேன். பத்து நிமிடம் ஆகும். இடையில் யாராவது அழைத்தால், விட்ட இடத்திலிருந்தே தொடர்வேன்.

மனம் கசக்கும், இறைவனிடமே அதைச் சொல்லிவிடுங்கள். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர், பார்வையிழந்தபோது இறைவனோடு உரிமையோடு சண்டையிட்டுப் பாடினார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. திருவெண்பாக்கத்தில் கிடைத்த ஊன்றுகோலோடு நடந்து, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். முறையிடுவது நம்பிக்கைக் குறைவு என்று சொல்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

தவறிய நாள்களைக் கடனாகக் கூட்டி வைக்காதீர்கள். பிரதோஷ வேளையான மாலை 4.30 முதல் 6 மணிக்குள் கோயிலுக்குப் போக முடியாவிட்டால், இருக்கும் இடத்திலேயே சில நிமிடம் கண்மூடி அமர்ந்தால் போதும்.

புதிய ஒழுங்கு ஓரளவு படிந்த பிறகு, பழைய பூசையை அப்படியே மீட்க முயலாமல், ஒவ்வொன்றாகச் சேருங்கள். வாடகை வீட்டில் நாங்கள் முதலில் சேர்த்தது சமையலறை அலமாரியில் ஓர் அகல். பூ வாங்கத் தொடங்கியது அதற்கும் வெகுநாள் கழித்து. அப்பாவுக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. அகலை ஏற்றி, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டபோது அப்பர் பாடிய நமச்சிவாயப் பதிகத்தை நான் சொல்லும்போது, முதல் ஒன்பது பாடல்களின் இறுதியிலும் வரும் அந்தப் பெயரை மட்டும் அவர் உதடுகள் என்னோடு சேர்ந்து சொல்கின்றன.