நயாகரா பார்த்தாயிற்று, மறுநாள் எங்கே?

ஊரிலிருந்து வந்த உறவினரை நயாகராவோடு அனுப்பிவிடாதீர்கள். அதே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இன்னொரு நாள் தங்க வைத்து, அடிமைமுறையை எதிர்த்தவர்களின் தடங்களைப் பார்க்க, காரில் ஆபர்ன் ஊர் வரை அழைத்துப் போங்கள்.

முந்தைய இரவே, அங்கே அடிமைகளுக்கு உண்மையில் எப்போது விடுதலை கிடைத்தது என்று ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். நியூயார்க் மாநிலத்தின் 1799ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பெயரளவில் சுதந்திரம். ஆனால் ஆண் 28 வயது வரை, பெண் 25 வயது வரை தாயின் எசமானுக்கே உழைக்க வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு 1827 வரை விடுதலை இல்லை. “அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் அடிமைகளே கிடையாதாமே” என்று கேட்ட என் மாமனார், காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

காலையில் ராச்செஸ்டரின் மவுன்ட் ஹோப் கல்லறைத் தோட்டம். அடிமைமுறையிலிருந்து தப்பிவந்து அதை எதிர்த்துப் பேசிய ஃபிரடெரிக் டக்ளஸின் கல்லறை ‘டீ’ பிரிவில். தேநீரின் டீ! ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து என்று நினைத்து அரைமணி நேரம் மேடேறி இறங்கியவன் சொல்கிறேன். பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனியும் இங்கேதான் இருக்கிறார். மேடுபள்ளம் அதிகம், நல்ல செருப்பு அவசியம்.

அடுத்து செனெகா ஃபால்ஸ், சுமார் 50 மைல். 1848 ஜூலையில் பெண்ணுரிமை மாநாடு நடந்த வெஸ்லியன் தேவாலயம், அடிமைமுறையை எதிர்த்துப் பிரிந்துவந்த மெத்தடிஸ்டுகள் கட்டியது. பிற்காலத்தில் அது சலவைக் கடையாகக்கூட இருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் தீர்மானம் தள்ளாடியபோது எழுந்து பேசியவர் டக்ளஸ். வெளியே தண்ணீர் வழியும் கற்சுவரில், மாநாட்டின் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன: 68 பெண்கள், 32 ஆண்கள். பிள்ளைகளை எண்ணவிட்டு நீங்கள் புளியோதரையைப் பிரிக்கலாம்.

ஆபர்னில் வரிசை முக்கியம். முதலில் அடிமைமுறையை எதிர்த்த அரசியல்வாதி வில்லியம் சீவர்டின் வீடு, பிறகு தானும் தப்பிவந்து மற்ற அடிமைகளையும் தப்புவித்த ஹாரியட் டப்மனின் நிலம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். தப்பியோடிய அடிமைக்கு உதவுவதையே 1850ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. சட்டத்தின் கண்ணில் டப்மன் அப்போதும் ஓடிவந்த அடிமைதான். அவருக்கு, செனட்டராக இருந்த சீவர்ட் 1859இல் ஏழு ஏக்கரை 1,200 டாலருக்கு விற்றார்.

நிலம் வாங்கிப் பழகிய என் மாமனார் அங்கே கேட்டது ஒரே கேள்வி: “ரொக்கமா, தவணையா?”

“தவணை, மாமா.”

ஆபர்னின் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் பெரிய ஸ்புரூஸ் மரத்தடியில் டப்மனின் கல்லறையைப் பார்த்துத் திரும்பும்போது இருட்டிவிடும்.